அட்டை எழுதிக் கொடுத்த சிஸ்டருக்கு

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நேற்று ராத்திரி கேட்டு வாங்கி இரண்டு தோசை சாப்பிட்டார். வாந்தியோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தெருவுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

நடுராத்திரியில் கட்டிலோடு தூக்கிவந்து ஏற்றிவிட்டவர்கள், 108-இல் வந்த தம்பிகள், மாடுகளைப் பார்த்துக்கொண்ட சித்தி, ஃபிளாஸ்க்கில் கஞ்சி அனுப்பிய வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் கும்பிடு. ஏதோ வாந்தி கேஸ் என்று விட்டுவிடாமல், உதட்டை விலக்கி ஈறில் இருந்த கருந்திட்டைப் பார்த்த டாக்டரம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. உள்ளங்கை ரேகை கூடக் கறுத்திருந்ததை அவர்தான் கவனித்தார். ஊர் அதுவரை ‘வெயிலில் அலைந்து கறுத்துவிட்டார்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் அவர் போடச் சொன்ன ஊசியால்தான் அப்பா இன்று தோசை கேட்கிறார்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக வார்டு சிஸ்டர் ஒருவருக்கு. பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் காலை அவருக்கு நைட் டியூட்டி முடிந்துவிட்டது. சேலை மாற்றி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர், திரும்பி அப்பாவின் கட்டிலுக்கு வந்தார். காலி மருந்துப் பெட்டி ஒன்றைக் கிழித்து, உள்பக்க வெள்ளை அட்டையில் நின்றபடியே எழுதினார். மேலே சிவப்புப் பேனாவில்: “எனக்கு அடிசன் நோய்.” கீழே நீலத்தில்: “மயங்கிக் கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே போடவும். டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.” பின்பக்கம் அதையே இங்கிலீஷில், டாக்டர்களுக்காக. நனையாமல் இருக்க இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, அப்பாவின் சட்டைப் பையில் அவரே வைத்தார். பஸ்ஸை விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அப்பாவிடம் நிதானமாகப் பேசினார். “ஐயா, காய்ச்சல் வந்தா மாத்திரை ரெண்டு மடங்கு. வாந்தி வந்தா மாத்திரை உள்ள தங்காது, நேரா ஆஸ்பத்திரி. சொல்லுங்க பாப்போம்.” அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தார். உப்பைப் பற்றியும் சிஸ்டர் கேட்டார். கொஞ்ச காலமாகவே அப்பா தட்டோரம் தனியாக உப்பு வைத்துத் தொட்டுக்கொள்வார், நாங்கள் சிரிப்போம். உடம்பில் உப்பு நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் நாக்கு கேட்டிருக்கிறது. “இவருக்கு உப்பைக் குறைக்காதீங்க” என்றார் அம்மாவிடம். அம்மாவுக்கு பிரஷர், வீட்டில் எல்லாமே அரை உப்புதான்.

சிறுநீரகத்துக்கு மேலே இரண்டு சின்னச் சுரப்பிகள் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அவை கெட்டு, சுரக்காமல் போவதுதான் அடிசன் நோய். எப்போதோ வந்து குணமான டிபி அவற்றை அரித்திருக்கும் என்கிறார்கள். 1855-இல் லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே டிபியால் கெட்டுப்போன சுரப்பிகளைப் பார்த்திருக்கிறார். அந்தச் சுரப்பிகள் தரவேண்டிய கார்டிசால் இல்லாவிட்டால், சாதாரணக் காய்ச்சலைக் கூட உடம்பால் தாங்க முடியாது. பிரஷரும் சுகரும் சேர்ந்து இறங்கிவிடும். அந்தக் கார்டிசாலுக்குப் பதிலாகத்தான் அப்பாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை.

இனி மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் யாரைப் பார்த்தாலும், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று சொல்லாமல் விடமாட்டேன். வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால், நல்ல சுரப்பி கூட வேலையை மறந்துவிடுமாம். முந்திரிக்கொட்டை என்று பெயர் வந்தாலும் சரி.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நலம் விசாரிக்க வந்தவர்களில் மூன்று பேராவது, ‘ஸ்டீராய்டா? கிட்னி போயிடும், விட்டுடுங்க’ என்று அப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்குத் தருவது உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய அளவுதான். தினமும் வேண்டும், ஆயுசுக்கும் வேண்டும். அடுத்த மாதம் கோயில் கொடைக்கு எல்லோரும் வாருங்கள், சாப்பிடுங்கள், அப்பாவோடு அரசியல் பேசுங்கள். மாத்திரையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அப்படியே ஆலோசனை சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் அவர் சட்டைப் பையில் இருக்கும் அட்டையை வாங்கிப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.