பாட்டு கிடைக்கிறது, பின்னணி இசை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இசைத்தட்டு சேகரிப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். எச்.எம்.வி.யின் நாய், இன்ரிகோ, எக்கோ லேபிள்கள், 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட், எல்.பி. என்கிற பெரிய தட்டு நல்லதாக ஒன்றுக்கு இன்று கேட்கிற விலை என்று எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஆனால் சினிமா இசை என்றால் பாட்டு மட்டும்தான் என்ற கணக்கிலேயே முழுக் கட்டுரையும் ஓடுகிறது. பின்னணி இசை பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத் தேடி அலைகிற ஒரு கூட்டமும் ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். கம்பெனிகளே அப்படித்தான் பழக்கிவிட்டார்கள். ஈ.பி. என்கிற ஏழு அங்குலச் சின்னத் தட்டு ஒன்றில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு, மொத்தம் நாலு பாட்டு. கேசட் வந்தபோதும் அதே கதைதான். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று பாட்டாக நிரப்பினார்கள். தயாரிப்பாளர் ஆடியோ கம்பெனிக்கு விற்றது பாட்டை மட்டும். பின்னணி இசை படத்தின் ஒலித்தடத்திலேயே தங்கிவிட்டது. நெகட்டிவ் உரிமை, அதாவது படத்தின் மூலப் பிரதி மீதான உரிமை, யார் கைக்குப் போகிறதோ அவர் கைக்கு அதுவும் போயிற்று. பல படங்களுக்கு அந்த உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வசனத்துக்குக்கூடத் தட்டு வந்திருக்கிறது. ‘திருவிளையாடல்’ வசனத்தைத் தட்டில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1984-இல் ‘விதி’ வந்தபோது அதன் கோர்ட் காட்சி வசனம் கேசட்டாக வந்து, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வரைக்கும் ஒலித்தது. சுஜாதாவும் ஜெய்சங்கரும் கோர்ட்டில் வாதாடுவதைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கத் தயாராக இருந்த சனம், ‘உதிரிப்பூக்கள்’ படத்தின் இசையைக் கொடுத்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருக்கும்? பேச்சில்லாத இசைக்கு வாங்க ஆளில்லை என்று சொல்லவும் முடியாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் வந்தது, ‘நத்திங் பட் விண்ட்’ 1988-இல் வந்தது. இரண்டிலும் படமும் கிடையாது, ஹீரோவும் கிடையாது. அந்தக் கேசட்டுகள் தேய்கிற வரைக்கும் ஓட்டியவர்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

தனியாக வெளியிட்டால் பின்னணி இசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘பம்பாய்’ ஒன்றே போதும். 1995-இல் வந்த அந்தப் படத்தின் கேசட்டில், பாட்டுகளோடு கூட வார்த்தையே இல்லாத ஐந்து நிமிடத் தீம் இசை ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அது பின்னால் பாலஸ்தீனத்துப் படம் ஒன்றிலும், ‘லார்ட் ஆஃப் வார்’ என்ற ஹாலிவுட் படத்திலும் ஒலித்தது. கேசட்டில் தனி டிராக்காக வராமல், படத்துக்குள் வசனத்துக்கு அடியிலேயே கிடந்திருந்தால் அங்கெல்லாம் யார் காதில் விழுந்திருக்கும்?

இதற்கு நேர்மாறாக ‘பேசும் படம்’ இருக்கிறது. 1987-இல் வந்தது, படம் முழுக்க வசனமே கிடையாது. எல். வைத்தியநாதனின் இசையும் தெருச் சத்தங்களும்தான் அங்கே பேசுகின்றன. பாட்டு இல்லாத படத்துக்குத் தட்டில் போட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் போல. அதன் இசை தட்டாகவோ கேசட்டாகவோ இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அதே வைத்தியநாதன்தான் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடருக்கும் இசை. அந்த ‘தா ந ந’ ஆரம்பத்தைப் பாடிக் காட்டினால் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் முகம் மலரும். டி.வி. தொடர் இசையின் நிலைமை சினிமாவைவிட மோசம். டைட்டில் பாட்டாவது எங்காவது அகப்படும், உள்ளே வருகிற இசை தொடரோடு போச்சு.

சரி, நாங்கள் எப்படித்தான் சேர்க்கிறோம்? முன்பு வானொலியில் ஒலிச்சித்திரம் (ஒரு படத்தின் ஒலியை மட்டும் சுருக்கித் தரும் நிகழ்ச்சி) போடும்போது டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்துப் பிடித்தோம். ‘முள்ளும் மலரும்’ இசையில் கொஞ்சம் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது, நடுநடுவே அறிவிப்பாளர் குரலோடு. அப்புறம் டி.வி.டி. வந்தது. ஆறு தனித்தனித் தடங்களாகப் பிரிந்து வருகிற 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். கம்ப்யூட்டரில் அந்தச் சென்டர் சேனலை மட்டும் அணைத்தால், இடமும் வலமும் இசை மிஞ்சும். முழுசாக மிஞ்சாது. வளையல் சத்தம், பஸ் ஹாரன், அடுத்த அறையில் பேசுகிற மாதிரி நாயகியின் குரல் எல்லாம் கூடவே வரும். எண்பதுகளின் படங்களில் முக்கால்வாசி மோனோ என்பதால் இந்த வித்தையும் அங்கே பலிக்காது. எல்லாம் ஒரே தடத்தில் கலந்து கிடக்கிறது.

2019-இல் இணையத்தில் பாட்டு ஒலிபரப்புகிற டீசர் நிறுவனம், கலந்த ஒலியிலிருந்து குரலையும் இசையையும் பிரிக்கிற ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. அதற்குப் பிறகு இந்த மாதிரி பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் நிறைய வந்துவிட்டன. பேச்சை அழகாகப் பிடுங்கி எடுக்கும். கூடவே புல்லாங்குழலையும் பிடுங்கிவிடும், குரல் என்று நினைத்து! ராஜாவின் படத்தில் புல்லாங்குழலை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? ‘மௌன ராகம்’ இசை ரிங்டோனாக எத்தனை போனில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் பெரும்பாலானவை இப்படி யாரோ ஒரு ரசிகர் ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டியவைதான்.

மறுவெளியீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய படம் ஒன்றின் பாட்டுகளைப் புது எல்.பி.யாக ஒரு நிறுவனம் வெளியிட, ஆசையாக வாங்கினேன். கனமான தட்டு, வழவழப்பான உறை. ஊசியை வைத்தால், இணையத்தில் சும்மா கேட்கிற அதே நசுங்கிய ஒலி. மூல டேப்பைத் தொட்டதாகவே தெரியவில்லை. என்னிடம் இருக்கிற அதே படத்தின் கீறல் விழுந்த பழைய ஈ.பி.யில் வயலின்கள் தனித்தனியாகக் கேட்கின்றன. சில பழைய படங்களை டி.டி.எஸ். என்று மெருகேற்றியவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், அசல் பின்னணி இசையைக் கறிவேப்பிலை மாதிரி ஓரம் தள்ளிவிட்டு, கீபோர்டில் புதிதாக வாசித்து ஒட்டினார்கள். அதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசாங்கம்கூட இந்த இசையைத் தனியாக மதிக்கிறது. 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். பின்னணி இசைக்கான விருது ‘பழசிராஜா’வுக்காக இளையராஜாவுக்குப் போனது. பின்னால் ‘தாரை தப்பட்டை’, ‘சூரரைப் போற்று’, ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் என்று தமிழ்ப் படங்களும் அந்த விருதை வாங்கின. இப்போது வருகிற படங்களுக்குக் கவலை இல்லை, பின்னணி இசைத் தொகுப்பு ஓ.எஸ்.டி. என்ற பெயரில் போனுக்கே வந்து சேர்கிறது. அனிருத் ரசிகனுக்கு இருக்கிற இந்த வசதி, ‘ஜானி’யின் இசையைத் தேடுகிறவனுக்கு ஏன் இல்லை?

தாமதத்துக்கு என்ன விலை என்பதை ஹாலிவுட் காட்டிவிட்டது. 1960-களின் கடைசியில் எம்.ஜி.எம். ஸ்டுடியோ இடத்தை அடைக்கிறது என்று தன் படங்களுக்கு இசைக்குழு வாசித்த இசைக் குறிப்புத் தாள்களைக் குப்பைமேட்டில் கொட்டியது. ஜான் வில்சன் என்ற இங்கிலாந்து இசை நடத்துநர், மிஞ்சியிருந்த சுருக்கக் குறிப்புகளையும் படத்திலிருந்து காதால் கேட்டதையும் வைத்துப் பல வருடம் உட்கார்ந்து எழுதிச் சேர்த்து, 2009-இல் லண்டன் மேடையில் வாசிக்க வைத்தார். நமக்கு அவ்வளவு கஷ்டம்கூட வேண்டாம். ராஜா ரீலைப் பார்த்துவிட்டுக் கையோடு ஸ்வரக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறவர், வாசித்தவர்கள் பலர் நம்மோடு இருக்கிறார்கள். வேறு மொழிக்கு டப்பிங் ஆன படம் என்றால், வசனம் இல்லாமல் இசையும் சத்தமும் மட்டும் சேர்ந்த தடம் ஒன்றைத் தயார் செய்திருப்பார்கள். அது எந்த லேப் அலமாரியில், எந்த குடோனில் கிடக்கிறது என்று முதலில் யாராவது தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய பாட்டுகளை மறுவெளியீடு செய்கிறவர்கள், கடைசியில் இரண்டு பின்னணி இசைத் துண்டுகளையாவது சேர்க்கட்டும். டைட்டில் இசையை மட்டுமாவது சேர்க்கலாம், அதன் மேல் வசனம் வராது. உறையில் வாசித்தவர்கள் பெயரைப் போடட்டும். ரகுமான் ஆல்பங்களில் அந்த வழக்கம் இருக்கிறது. எம்.எஸ்.வி. காலத்துத் தட்டு உறைகளில் மங்களமூர்த்தியின் அக்கார்டியனுக்கு ஒரு வரி நன்றியைத் தேடினால் கிடைக்காது.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த வயலின், புல்லாங்குழல், கிட்டார் கலைஞர்களை வாரம் ஒருவராகச் சந்தித்து எழுதுங்கள். எந்தப் படத்தின் எந்தக் காட்சிக்கு வாசித்தது யார் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுப் போடுங்கள். என் முதல் கேள்வியை இப்போதே தந்துவிடுகிறேன்: ‘மூடுபனி’யின் பின்னணியில் கிட்டார் வாசித்தது யார் யார்?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை.