இரண்டாவது ஜொய்ஸ்டிக்

அன்பு மகன் சுதாகரனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்து மழையோடு போகிறது. ஆறு வாரமாக உன் அழைப்பு வரவில்லை என்பதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. டோஹாவில் வேலை நேரம் அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். நீ பழைய பாணியில் வந்திருக்கும் அட்டாரி வீடியோ விளையாட்டுப் பெட்டியை வாங்கலாமா என்று தங்கச்சியிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லையென்றாலும், விசாரித்து அறிந்த வரையில் என் எண்ணத்தை எழுதுகிறேன்.

தங்கச்சி போனில் தேடி வாசிக்க, நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன். 1977இல் அமெரிக்காவில் வந்த பெட்டியின் 1980ஆம் ஆண்டு வடிவத்தை ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குச் சுருக்கி, அட்டாரி 2600 பிளஸ் என்ற பெயரில் 2023 நவம்பரில் வெளியிட்டிருக்கிறார்கள். முகப்பில் மரப்பலகை போலத் தெரிவது பிளாஸ்டிக்தான். அந்தப் பழைய பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட் என்று அறிந்து வியந்தேன். இந்தக் கடிதத்தின் முதல் இரண்டு வரிகள்கூட அதற்குள் அடங்கா, ஆனால் அதைக்கொண்டு ஒரு தலைமுறையையே விளையாட வைத்திருக்கிறார்கள். புதிய பெட்டியில் பழைய கெசட்டை, அதாவது விளையாட்டு பதிந்திருக்கும் சிறு பெட்டியை, செருகினால், உள்ளே இருக்கும் மென்பொருள் அதைப் படித்தெடுத்துப் பழைய இயந்திரத்தைப் போலவே இயங்குகிறதாம். ஆகவே, பரணில் அட்டாரி கெசட்டுகளை வைத்திருப்பவருக்கு இது தகுந்த பொருள்.

ஆனால் மகன், நம் வீட்டில் இருந்தது அட்டாரி அல்ல. அது 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபெமிகொம் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவான நகல். அதன் மஞ்சள் கெசட் இதற்குள் நுழையாது. நீயும் தங்கச்சியும் ஒரே பக்கத்தில் நின்று கழுகைக் காத்த அந்த டாங்கி விளையாட்டு 1985இல் ஃபெமிகொமுக்காக வந்தது. அதையும் இந்தப் பெட்டியோடு வரும் பத்து விளையாட்டுகளில் தேடினால் கிடைக்காது. நீ தேடுவது அதுதான் என்றால், வெளிவந்தபோது இருந்த விலைப்படி 130 டொலரைத் தவறான பொருளுக்குக் கொடுக்கிறாய். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் அது 39,000 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில், இங்கே தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் 29 பேர், அதாவது 29 நாள் வேலை, போட்டால்தான் அந்தத் தொகை கைக்கு வரும். உன் உழைப்பு, உன் பணம். கணக்கை மட்டும் சொல்கிறேன். வெளிநாடு போன முதல் ஆண்டிலேயே வீட்டுக் கூரையை மாற்றித் தந்த பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 1977இல் அந்தப் பெட்டியோடு இரண்டு ஜொய்ஸ்டிக் கொடுத்தார்கள். இப்போது ஒன்றுதான் வருகிறது, இரண்டாவதைத் தனியாக வாங்க வேண்டும். பத்து விளையாட்டுகளில் கொம்பாட் என்றொரு டாங்கிச் சண்டை இருக்கிறது; எதிரே இன்னொருவர் இல்லாமல் அதை விளையாடவே முடியாது. நீ இரண்டாவது ஜொய்ஸ்டிக்கையும் வாங்குவாயா? உன்னோடு அறையில் இருந்த மட்டக்களப்புத் தம்பி இன்னும் இருக்கிறாரா, வேறு இடம் போய்விட்டாரா? வேலை முடிந்து வந்தால் பேசுவதற்கு ஆள் இருக்கிறதா? பெட்டி வாங்குவதானால் இரண்டாவதையும் சேர்த்து வாங்கு. ஒன்றோடு நின்றுவிடாதே.

அந்தப் பழைய பெட்டி பழுதாகவில்லை, மகன்.

உன் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில், வாத்தியாரின் மகனே கணிதத்தில் தவறிவிட்டான் என்று பாடசாலையில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். அன்றிரவு நீ தூங்கிய பிறகு பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவைத்து, மறுநாள் வேறொரு தோட்டத்து ஆசிரியருக்கு 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் ஹட்டனில் ரேடியோ திருத்தும் கடையில் திருத்தக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அந்தப் பணம் உன் டியூசனுக்குப் போனது, மறுமுறை எழுதி நீ சித்தியடைந்தாய். அதனால் நான் செய்தது சரிதான் என்று இத்தனை ஆண்டும் இருந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெட்டி என் சம்பளத்தில் வாங்கியதல்ல. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்துச் சேர்த்த பணம் அது. அவளிடமும் நான் பொய்தான் சொன்னேன்.

உன் செய்தியைப் பற்றிப் பேசும்போது தங்கச்சி தன்னை மறந்து ஒன்றைச் சொல்லிவிட்டாள். டியூசன் விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு மூன்று சனிக்கிழமை அந்த ரேடியோ திருத்தும் கடைக்குப் போயிருக்கிறாய். மூன்றாவது முறை கடைக்காரர் தன் கொப்பியையே திறந்து காட்டி, அப்பா பெயரில் எதுவும் பதியவில்லை என்றாராம். திரும்பும் வழியில், அப்பாவிடம் இதைக் கேட்காதே என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். நீயும் கேட்கவில்லை. அதன்பிறகு என்னிடம் நீ எதையுமே கேட்டதில்லை என்பது, அவள் சொன்ன இரவில், உன் வயதை ஒவ்வொரு ஆண்டாக எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்குப் பட்டது. நான் அதைப் பிள்ளையின் அடக்கம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் உலை வைத்தாள்.

அட்டாரியை வாங்குவதா என்று கேட்டால், அந்தப் பழைய பெட்டிக்கு ஈடாக என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்; அது ஈடாகாது. புதிதாக ஒன்றை விளையாடிப் பார்க்க ஆசை என்றால் தாராளமாக வாங்கு, இரண்டு ஜொய்ஸ்டிக்கோடு. விடுமுறைக்கு வரும்போது அதையும் எடுத்து வா. பெட்டியோடு அடாப்டர் தரமாட்டார்களாம், போன் சார்ஜர் போதுமாம். அது வீட்டில் இரண்டு இருக்கிறது. டிவியின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ இணைப்புக்கு இடம் இருக்கிறதா என்று தங்கச்சி பார்த்துவிட்டாள். இருக்கிறது. வரும் திகதியை எனக்கு எழுது, தங்கச்சிக்கு அல்ல.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா