ஓ.டி. மட்டும் போதாது

ஐயா,

கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய இப்போட்டி மாணவர்களுக்கு நல்ல மேடைதான். ஆனால் பதக்கங்களை எண்ணும் பல்கலைக்கழகங்கள், களத்தில் ஓடியவர் தவறவிட்ட தேர்வுகளை எண்ணுவதில்லை. மாணவப் பருவத்தில் பல்கலைக்கழக அணிக்காக 4×400 மீட்டர் தொடரோட்டத்துக்குப் போனேன். வருகைப்பதிவுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது போட்டிக்குப் போன நாள்களையும் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கிடும் சலுகை) கொடுத்தார்கள், சரி. அதே வாரம் நடந்த அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு மறுவாய்ப்பு இல்லை. கோப்பை அலுவலக அலமாரிக்குப் போனது, பூஜ்யம் என் மதிப்பெண் பட்டியலுக்கு வந்தது.

அணிப் பட்டியல் வெளியாகும் அன்றே, அதில் உள்ளவர்களுக்கான மாற்றுத் தேர்வுத் தேதியையும் உடற்கல்வித் துறை எழுத்துபூர்வமாகப் பெற்றுத் தரலாம்.

- முன்னாள் தடகள வீரர், திருச்சி