48 நாள் என்று பெட்டி கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆன்மிக இணைப்பில் பூண்டி ஊன்றீஸ்வரர் கோயிலைப் பற்றி வந்த கட்டுரையை என் மனைவி வாசிக்க, நான் கேட்டேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசியில் தனியாகக் கட்டம் போட்டுப் பெட்டிச் செய்தியாக, 48 நாள் நெய் தீபம் ஏற்றினால் இழந்த பார்வை திரும்பும் என்று போட்டிருந்தீர்களே, இந்தக் கடிதம் அதற்காகத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுவதும் அவள்தான்.

திருவள்ளூரில் 34 வருடம் தையல் கடை வைத்திருந்தேன். காஜா எடுக்க ஆள் உண்டு, காலர் மட்டும் நானே தைப்பேன். ஒருநாள் கட்டிங் மேசையில் கத்தரியைத் தேடினால் காணோம். பக்கத்தில் நின்ற பையன் எடுத்துக் கையில் கொடுத்தான். என் வலக்கைப் பக்கமே கிடந்திருக்கிறது. கண்ணில் பிரஷர், க்ளாக்கோமா என்றார்கள். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் ராத்திரி சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் யாரோ இதே 48 நாள் கணக்கைச் சொன்னார்கள். கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுச் சாயங்காலம் பஸ் பிடித்துப் பூண்டிக்குப் போவோம். ஒருநாள் தவறவில்லை. சாமியை நம்பின பிறகு மருந்து எதற்கு என்று கடைசிப் பத்து நாள் சொட்டு மருந்தையும் நிறுத்திவிட்டேன். அது என் முட்டாள்தனம், யாரையும் குறை சொல்ல மாட்டேன். அடுத்த முறை அளந்தபோது 16-ல் இருந்த பிரஷர் 27-க்குப் போயிருந்தது. டாக்டர் திட்டியதை இவள் எழுத மாட்டேன் என்கிறாள்.

எனக்கு அதைவிட வலித்தது வேறு. 49-ஆம் நாள் இவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் ஒரு வாரம் மலிவான நெய் வாங்கினோமாம், அதனால்தான் சாமி கண் திறக்கவில்லையாம். நாள்கணக்குப் போட்டு எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தவணை தவறினால் குற்றம் எப்போதும் கேட்டவர் தலையில்தான் விழுகிறது.

அந்தக் கோயிலின் கதையே உங்கள் பெட்டிக்கு ஒத்துவராது, ஐயா. மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் சத்தியம் செய்த, தேவாரம் பாடிய சுந்தரர், அதை மீறிக் கிளம்பியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம், அதாவது இந்த ஊன்றீஸ்வரர் கோயிலுக்கு வந்து, கோயிலில் இருக்கிறாயா என்று சிவனைக் கேட்கிறார். 'உளோம் போகீர்' என்று பதில் வருகிறது. இருக்கிறோம், நீர் போம் என்கிற மாதிரி. கூடவே ஊன்றிக்கொள்ள ஒரு கோல். கண் கேட்டவருக்குக் கோல்! கோபத்தில் அதை அவர் வீசியடித்து நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அங்கே சொல்வார்கள். இடக்கண் வந்தது காஞ்சிபுரத்தில். வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. அங்கேயும் கெஞ்சினாரா? 'மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே' என்று சண்டைதான் போட்டார். தராவிட்டால் போகட்டும், நீராவது நன்றாக இரும் என்று! இதில் 'குற்றம் ஒன்றும் செய்ததில்லை' என்று வேறு பாடுகிறார். சத்தியத்தை மீறியவர் பேசுகிற பேச்சா இது? எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான்.

1944-ல் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி அணை வந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கரையில் புதுக் கோயில் எழும்பும் வரை அந்தச் சாமியும் காத்துத்தான் கிடந்தார்.

நாங்கள் இப்போதும் போகிறோம், பிரதோஷத்துக்குப் பிரதோஷம். டாக்டர் சொன்னது தெரிந்தும் கண்ணைத்தான் கேட்கிறேன், வெட்கமே இல்லை. சில நாள் சுந்தரர் மாதிரி இரண்டு வார்த்தை கடிந்தும் பேசிவிடுவேன். அப்புறம் மின்னொளி அம்மன் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஏறுவோம். வீட்டுக்கு வந்ததும் ஒன்பது மணிக்கு இவள் என் தலையைப் பின்னால் சாய்த்து மருந்து விடுவாள். அந்தப் பத்து நாளுக்குப் பிறகு ஒரு ராத்திரிகூட விட்டுப்போகவில்லை. பிரஷர் 17-ல் நிற்கிறது. நெய் எங்கே வாங்கினோம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே கோயில்களைப் பற்றி எழுதுங்கள், பஸ் நேரம், நடை திறக்கும் நேரம் எல்லாம் போடுங்கள். இத்தனை நாளில் பலன் என்கிற பெட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். இடக்கண்ணால் நானே வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
திருவள்ளூர்.