கயலுக்கு, கிட்டார் விஷயமாக

அன்புள்ள கயல்,

உன் ஒரு வரிச் செய்தி கிடைத்தது. "மேடைக்கு ஒல்லியான எலக்ட்ரோ அகௌஸ்டிக், விலை அதிகம் இல்லாமல், எதும்மா நல்லது?" அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் அனுப்பியவற்றுக்கு இன்னும் பதில் இல்லை. போகட்டும், கிட்டார் பற்றியாவது அம்மாவைக் கேட்கத் தோன்றியதே.

நீங்கள் வாசித்த வீடியோவையும் பார்த்தேன். உன் கையில் இருந்தது யாருடைய கிட்டார்? ஸ்ட்ராப்கூட உன்னுடையது இல்லை. உன் பெரிய கிட்டார் ரிப்பேருக்குப் போயிருக்கிறதா? சரி, அது அப்புறம். கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

ஆம்பில் செருகி வாசிக்கிற எலக்ட்ரோ அகௌஸ்டிக்குக்கு ஒல்லி உடம்பு என்று நீ முடிவு செய்தது சரிதான். ட்ரெட்நாட் என்கிற பெரிய உடம்புக் கிட்டாருக்கு வயிற்றில் காற்று அதிகம். அந்தக் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே அதிரும். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டை) அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ், ஐந்தாவது கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 110. நாம் அதிகம் புழங்குகிற இடமே அதுதான். மேடையில் நம் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கரான மானிட்டரிலிருந்து வரும் சத்தம் மேற்பலகையை ஆட்டும், அந்த ஆட்டத்தைக் கிட்டாருக்குள் இருக்கும் பிக்கப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும், ஆம்ப் அதைப் பெருக்கி மறுபடி மானிட்டருக்கே தரும். ஊளை கிளம்புவது இப்படித்தான். அந்த ஹாலில் சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாரே, அதற்குக் காரணம் உன் கை இல்லை, கிட்டாரின் வயிறு. அப்பா மிக்ஸரில் இருந்தால் அந்த அலைவரிசையை மட்டும் குறைத்துவிடுவார். எல்லா மேடையிலும் அப்பா இருக்க மாட்டார்.

எவ்வளவு ஒல்லி என்று கேட்பாய். யமஹா எஃப்ஜி800 ஒரு ட்ரெட்நாட், அதன் ஆழம் 100 முதல் 118 மி.மீ. அதே யமஹாவின் ஏபிஎக்ஸ்600 என்றால் 80 முதல் 90 மி.மீ. ஏபிஎக்ஸ் வரிசை 1987-இலேயே மேடைக்கென்று வந்தது. நீ பிறப்பதற்கு முன்னால் நான் இரவல் வாங்கி வாசித்ததும் அதில் ஒன்றுதான். ஐபனீஸ் ஏஇஜி, கோர்ட் எஸ்எஃப்எக்ஸ் இரண்டும் இதே வகை. இந்த மூன்றுக்குள் தேடு, அலையாதே. இதில் இன்னதுதான் வாங்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன், கை உன்னுடையது.

கடையில் எல்லோரும் செய்வது என்ன? ஸ்டூலில் உட்கார்ந்து, கேபிள் போடாமல் வாசித்து, "ஆகா, என்ன கனம்" என்பார்கள். ஒல்லிக் கிட்டார் அந்தப் போட்டியில் தோற்றுத்தான் போகும். அதன் அடித்தொனி குறைவு, அறையில் கேட்டால் கொஞ்சம் டப்பா மாதிரிகூட இருக்கும். அதைக் கேட்டு மனம் மாறிவிடாதே. கேபிளைப் போடு, நின்று வாசி. எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் வேண்டாம், அகௌஸ்டிக் ஆம்ப் இருந்தால் கேள்.

முதலில் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு ஆம்புக்கு எதிரே நில். சத்தத்தை மெதுவாக ஏற்று. எந்த இடத்தில் முனக ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள். அடுத்த கிட்டாரை அதே இடத்தில், அதே தூரத்தில் நின்று பார். அப்புறம் ஆறு கம்பியையும் ஒரே பலத்தில் தனித்தனியாக மீட்டு. ஒன்று அமுங்கியும் ஒன்று துருத்தியும் கேட்டால் கம்பிகளைத் தாங்கும் சேடில் என்ற பட்டை பிக்கப்பின் மேல் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்துவிடலாம், ஆனால் சரிசெய்து தந்தபின்தான் பணம் என்று சொல்லிவிடு. அப்புறம் ஓங்கி ஸ்ட்ரம் செய்து பார். சேடிலுக்கு அடியில் இருக்கும் பியசோ பிக்கப் ஓங்கி அடித்தால் வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போடும். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கிட்டாரிலேயே இருக்கும் ப்ரீஆம்பில் மிட்டை, அதாவது நடுத்தொனியைக் குறைத்தும் அடங்கவில்லை என்றால் அந்தக் கிட்டாரை வைத்துவிடு. ஊளையிடும் அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரோ, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானோ இருந்தால் நல்லது, ஊளை வரும்போது அப்பாவுக்குப் பதிலாக அவைதான் கைகொடுக்கும்.

மேற்பலகை ஒட்டுப்பலகை என்று யாராவது மட்டமாகப் பேசினால் காதில் வாங்காதே. ஒரே மரத்தில் அறுத்த பலகை வீட்டில் வாசிக்க அருமையாக இருக்கும், நன்றாக அதிரும். நன்றாக அதிர்வதால்தான் மேடையில் சீக்கிரம் ஊளையும் விடும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஒட்டுப்பலகை அவ்வளவாக வளையாது. வேன் பின்னால் போட்டுக்கொண்டு அலைகிறவளுக்கு அதுவே போதும். வேனில்தானே போகிறீர்கள்? ராத்திரி யார் ஓட்டுகிறார்கள்?

வீடியோவில் இரண்டாவது பாட்டில் பாடகர் இடம் தப்பி நுழைந்ததும் நீ ஒரு சுற்று கூட வாசித்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாயே, அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டவர்களுக்குத் தப்பு நடந்ததே தெரிந்திருக்காது. அப்பா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஆனால் உன் வலது தோள் பாட்டு முழுக்கத் தூக்கியே இருந்தது. உனக்கும் எனக்கும் ஒரே தோள். ஆழமான உடம்பைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றால் என்ன ஆகும் என்று என்னைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒல்லியை வாங்கச் சொல்வதற்கு ஊளையைவிட எனக்கு இதுதான் பெரிய காரணம். மெலிந்தும் போயிருக்கிறாய். வெளிச்சம் அப்படியா என்று தெரியவில்லை.

ஏபிஎக்ஸ்600-இல் கம்பியின் நீளம் 634 மி.மீ., எஃப்ஜி800-இல் 650. நீளம் குறைந்தால் அதே ஸ்ருதிக்கு இழுப்பும் குறையும், விரலுக்கு நிம்மதி. 11 கேஜ் என்கிற மெல்லிய கம்பி போட்டுக்கொள். 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி சுமார் 2.5 மி.மீ., முதல் கம்பி சுமார் 2 மி.மீ. உயரத்தில் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் செட்டப் செய்து, அதாவது உயரத்தைச் சரிசெய்து தரச் சொல். கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டிப் பார், ஃப்ரெட் முனைகள் கீறக் கூடாது. ஸ்ட்ராப் மாட்டக் கழுத்தடியிலும் பட்டன் இருக்கிறதா பார். சிலவற்றில் பின்னால் ஒன்றுதான் இருக்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கம்பிகளைப் பிடித்திருக்கும் ப்ரிட்ஜின் பின் ஓரம் பலகையை விட்டு எழும்பியிருக்கிறதா? அந்த இடைவெளியில் ஒரு தாள் நுழைந்தால் வேண்டாம். பேட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பார். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் விலையைக் குறைக்கச் சொல். கேபிளை ஜாக்கில் வைத்தபடியே ஆட்டிப் பார். விற்கிறவர் அவசரப்படுத்தினால் வந்துவிடு.

கையில் இருப்பதை எல்லாம் கிட்டாருக்கே கொடுத்துவிடாதே. கிட்டாரை மிக்ஸரில் இணைக்கும் டிஐ பாக்ஸுக்குக் கொஞ்சம், செட்டப்புக்குக் கொஞ்சம், சவுண்ட் ஹோலை மூடும் ரப்பர் மூடிக்குக் கொஞ்சம் ஒதுக்கு. அந்த மூடி சின்னதுதான், ஊளையைப் பாதியிலேயே நிறுத்தும். வாடகை கொடுத்ததுபோக எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஃபோனை வைத்துவிடுவாய்.

ஆனால் "விலை அதிகம் இல்லாமல்" என்று நீ எழுதியது மனசிலேயே நிற்கிறது. பெரியதை வாங்கும்போது விலைச் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காதவள் நீ. வேலையைப் பற்றியும் எழுதுவதில்லை. உன் அண்ணனிடம் கேட்டால் "அவளையே கேளுங்கம்மா" என்கிறான், அவன் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மேடைக்கு ஒல்லி, வீட்டுக்குப் பெரியது என்று இரண்டும் இருந்தால் சந்தோஷம். இருக்கிறதா?

கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். கணக்குக் கேட்க மாட்டேன், கிட்டாருக்கே செலவழிக்க வேண்டும் என்றும் இல்லை. பெரியது எங்காவது அடகில் இருந்தால் முதலில் அதை மீட்டுக்கொள், புதியது அடுத்த மாதம் வாங்கலாம். விற்றுவிட்டாய் என்றால் விற்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து கழற்றிவிடு. ஜாக்கில் செருகியிருக்கும்வரை ப்ரீஆம்ப் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பையில் ஒரு புது பேட்டரியும் வைத்துக்கொள். தோளுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு.