கு. அழகிரிசாமியின் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மனத்தைப் பாதித்த நூல்களைப் பற்றி வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்துவருகிறேன். பெரும்பாலோர் பெரிய நாவல்களையே குறிப்பிட்டிருக்கிறார்கள். என்னை இன்றுவரை விடாமல் பற்றிக்கொண்டிருப்பவை கு. அழகிரிசாமியின் இரண்டு சிறுகதைகள்: ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘அன்பளிப்பு’. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், குழந்தைகளின் மனவியல் பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தையின் மனம் எந்த இடத்தில் நோகிறது என்பதை இந்தக் கதைகள் காட்டியதுபோல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

‘ராஜா வந்திருக்கிறார்’ தீபாவளியை ஒட்டி நடக்கும் கதை. உடம்பெல்லாம் சிரங்கும் இடுப்பில் கோவணமுமாக வந்து சேரும் அநாதைச் சிறுவன் ஒருவனைத் தாயம்மாள் தன் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சேர்த்துக் குளிப்பாட்டுகிறாள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி இருக்கிறது, அவனுக்கு இல்லை. வீட்டில் மிஞ்சியிருப்பது கணவனுக்கென்று வாங்கிய ஒரு துண்டு மட்டுமே. அதை எடுத்துக் கொடுக்க அவளுக்கு உடனே கை வரவில்லை. மகள் மங்கம்மாள்தான் அந்தத் துண்டை அவனுக்குக் கொடுக்கச் சொல்கிறாள்.

தாயம்மாளைக் கருணையின் வடிவமாகப் புகழ்ந்து பலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ அவளுடைய தயக்கம்தான் இந்தக் கதையின் உயிர் என்று தோன்றுகிறது. ஒரு துண்டுக்குக்கூடக் கணக்குப் பார்த்தாக வேண்டிய குடும்பத்தில், கணவனுக்கு நல்ல நாளில் புதிதாக ஒன்றும் இல்லாமல் போகுமே என்று அவள் கலங்குவதை ஆசிரியர் மறைக்காமல் சொல்லியிருப்பதால்தான், பிறகு அவள் கொடுப்பது நம்மை உலுக்குகிறது. கடைசியில், தன் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பணக்கார வீட்டுச் சிறுவன் மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமை பேச, எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான், வேண்டுமானால் வந்து பார் என்கிறாள் மங்கம்மாள். அந்த அநாதைச் சிறுவனின் பெயர்தான் ராஜா. பொறாமையோ தாழ்வோ துளியும் இல்லாத அந்தக் குரலை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

‘அன்பளிப்பு’ வேறு வகையான வலி. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் கதைசொல்லி, தன்னிடம் உயிராக இருக்கும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளில் சிலருக்கு டைரி கொடுக்கிறார்; சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பையன் அழவில்லை, சண்டை போடவில்லை. அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்தி அழைத்து, உபசரித்து, தானே எடுத்துவைத்திருக்கும் ஒரு டைரியை அவரிடம் நீட்டி, பிரியமுள்ள தனக்கு அவர் அன்பளிப்பாகத் தந்தது என்று எழுதித் தரச் சொல்கிறான். எழுத வேண்டிய வாசகத்தையும் அவனே சொல்கிறான். டைரி அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது, கதைசொல்லிக்கு ஒரு சமாதானமும் சொல்லாமல்.

இதைப் படித்த பிறகு என் வகுப்பில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு நோட்டுகள் வாங்கித் தரும்போது, கட்டைப் பிரித்து வரிசையில் நீட்டிவிடாமல், ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் பிள்ளையின் பெயரை எழுதி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். நோட்டை வாங்கிக்கொண்டு போன ஒரு சிறுமி, பாதி வழியில் அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “டீச்சர், இனிஷியல் போடலியே” என்று பேனாவை என் கையில் எடுத்துக் கொடுத்தாள். சாரங்கனை அறிந்திருந்ததால் அவளையும் என்னால் அறிந்துகொள்ள முடிந்தது.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923இல் பிறந்த அழகிரிசாமி, 1970இல் தமது 46ஆம் வயதில் காலமானார். ‘அன்பளிப்பு’ என்னும் சிறுகதைத் தொகுப்புக்காக அந்த ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவருடைய மறைவுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது. அவரும் அதே ஊர்க்காரரான கி. ராஜநாராயணனும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இருவரின் நூற்றாண்டையும் இலக்கிய அன்பர்கள் கொண்டாடினார்கள், மகிழ்ச்சி. அந்தக் கொண்டாட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் எட்ட வேண்டும் என்பது என் ஆவல். நூலக வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இக்கதைகளை வாய்விட்டு வாசித்தாலே போதும். உரையும் வேண்டாம், வினாவிடையும் வேண்டாம்.

தங்கள் நாளிதழும் வரும் தீபாவளியை ஒட்டி, உரியவர்களின் அனுமதி பெற்று, ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை மாணவர்களுக்காக முழுமையாக வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாது என்று தயவுசெய்து சுருக்கிவிட வேண்டாம். சுருக்கும் கை முதலில் வெட்டுவது, அந்தத் துண்டை வைத்துக்கொண்டு தாயம்மாள் தயங்கி நிற்கும் இடத்தைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.