அந்தக் கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்

கொழும்பில் வீடு வீடாகப் படியேறி வரும் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கு,

எங்கள் வீடுகளில் உங்களை 'மிஸ்' என்றுதான் அழைக்கிறோம். இங்கும் அப்படியே அழைக்கிறேன்.

மிஸ், நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். என் தங்கை ஒளித்துப் புகைத்தவள். இதை எழுத அவளே சம்மதம் தந்தாள். கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் "புகைப்பழக்கம் உண்டா?" என்று கேட்டபோது பக்கத்தில் மாமியார் இருந்தார். "இல்லை" என்றாள். வேறென்ன சொல்வாள்?

புகையின் காபனோரொட்சைட்டு தாயின் குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிக்கோடின் குருதிக் குழாய்களைச் சுருக்கும், பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஐந்தாம் மாதத்தில் தானாகவே விட்டாள். கணவர் மட்டும் வீட்டுக்குள்ளேயே புகைத்தார். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. எங்கள் வரவேற்பறை அதற்குள் அடங்காது.

பிள்ளை பிறந்த மூன்றாம் கிழமை, இரவில் மொட்டை மாடியில் அவளை மீண்டும் சிகரெட்டுடன் கண்டேன். உறக்கம் இல்லை, காரணம் தெரியாத அழுகை. "பச்சை உடம்பு, அப்படித்தான்" என்றார்கள் பெரியவர்கள். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்த அத்தனை பேரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். தன் பால் நஞ்சு என்று நம்பித் தாய்ப்பாலையும் நிறுத்திவிட்டாள். புகைக்கும் தாயும் பால் கொடுப்பதே நல்லது, பால் கொடுப்பதற்குச் சற்று முன் புகைக்காமலாவது இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வை அறிய நீங்கள் நிரப்பும் எடின்பரோ படிவத்தின் 10 கேள்விகளும் நல்ல கேள்விகள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, தேவையின்றி உங்களையே குறை கூறினீர்களா என்று கேட்கின்றன. ஆனால் அதில் புகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. விட்ட சிகரெட்டை ஒரு தாய் மீண்டும் எடுக்கிறாள் என்றால், மனம் உடைந்ததன் ஓர் அடையாளமாகவும் அது இருக்கலாம். படிவத்தை மடிப்பதற்கு முன் அதையும் கேளுங்கள், மிஸ். மாமியார் தேநீர் ஊற்றப் போகும் நேரத்தில் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அவள் கையில் எழுதிக் கொடுங்கள். கணவரிடமும் பேசுங்கள்.

தங்கை இப்போது மீண்டும் நான்கு மாதக் கர்ப்பிணி. அடுத்த கிளினிக்குக்கு அவளுடன் நான் வருகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது என்னையும் வெளியே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா